கணக்குக் கேட்கும் உரிமை

(அன்றாடச் செலவுகளும் பொதுச் சேவைகளும் பற்றி, கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



அரசியல் மேடைகளிலே பெரிய விடயங்களைப் பற்றிப் பேசி நாம் பழகிவிட்டோம். அரசியலமைப்பு, மொழியுரிமை, நிலவுரிமை என்பன பற்றிப் பேசவேண்டியது நம் கடமையே. ஆயினும் மாத முடிவில் நம் வீட்டு வாயிலுக்கு வந்து சேரும் மின்பட்டியலைப் பற்றியோ, தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெயின் விலையைப் பற்றியோ மேடையில் நின்று பேசுவதைச் சிறுமை என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறான எண்ணம். தன் பணப்பையிலிருந்து ஒவ்வொரு மாதமும் எடுக்கப்படுவதற்குக் கணக்குக் கேட்கத் தெரியாத மக்கள், தம் நாட்டின் ஆட்சிக்குக் கணக்குக் கேட்கக் கற்றுக்கொள்வது எங்ஙனம்?

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே: அன்றாட வாழ்வுக்கு இன்றியமையாத பொருள்களுக்கும் சேவைகளுக்கும் விலை விதிப்பவர் யார்? அவ்விலையைச் செலுத்துகின்ற மக்களின் சொல்லுக்கு அங்கே இடமுண்டா? இடமில்லையெனில் அதனை உண்டாக்குவது எப்படி? இவ்வினாக்களுக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாநிலங்கள் சில, நூற்றைம்பது ஆண்டு காலமாக விடை தேடி வந்துள்ளன. அவற்றின் வெற்றியும் தோல்வியும் நமக்குப் பாடமாகும்.

பலர் ஏன் தோற்கின்றனர்?

விற்பவன் ஒருவன், வாங்குபவர் ஆயிரவர். ஆயிரவர் ஒருவனிடம் தோற்பது ஏன் என்பதை ஒரு சிறு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். பத்து இலட்சம் வீடுகளுக்கு மின்சாரம் வழங்கும் ஒரு நிறுவனம், ஒவ்வொரு வீட்டிடமிருந்தும் மாதத்துக்கு ஐம்பது ரூபா நியாயமின்றிக் கூடுதலாக அறவிடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐம்பது ரூபாவுக்காக எவரும் ஒரு நாள் வேலையை விட்டு முறைப்பாடு செய்யச் செல்லமாட்டார். சட்டத்தரணியை அமர்த்தவும் மாட்டார். ஆனால் நிறுவனத்துக்கோ அது மாதம் ஐந்து கோடி ரூபா. அதனைக் காத்துக்கொள்வதற்குப் பத்துச் சட்டத்தரணிகளையும் இருபது கணக்காளரையும் அமர்த்துவது அதற்கு இலாபகரமான முதலீடேயாகும். இதிலுள்ள கொடுமை யாதெனில், அச்சட்டத்தரணிகளுக்குக் கொடுக்கும் சம்பளமும் நிறுவனத்தின் செலவுக் கணக்கிலே சேர்ந்து, ஈற்றில் நம் பட்டியலிலேயே வந்து விழுகின்றது. நமக்கு எதிராக வாதாடுபவனுக்கு நாமே கூலி கொடுக்கின்றோம்!

ஆகவே பாவனையாளரின் பலவீனம் அவர்தம் அறியாமையினாலோ கோழைத்தனத்தினாலோ வந்ததன்று. இழப்பு பலரிடையே சிதறிக் கிடக்கின்றது. இலாபம் ஓரிடத்தில் குவிந்து கிடக்கின்றது. சிதறிக் கிடப்பதை ஒன்றுகூட்டும் ஓர் அமைப்பு இல்லாதவரையில் இந்நிலை மாறாது. இதனை முதலில் உணர்ந்து செயற்பட்டவர்கள் பட்டணத்துப் படித்தவர்களல்லர். கமக்காரர்களே என்பதை இக்கூட்டத்தில் எடுத்துரைப்பதில் நாம் பெருமிதமடைகின்றோம்.

சிக்காகோவின் களஞ்சியங்கள்

1867ஆம் ஆண்டில் ஒலிவர் கெலி என்பாரும் அவருடைய நண்பர்களும் 'கிரேஞ்' என்னும் கமக்காரர் சங்கத்தை அமெரிக்காவிலே தொடங்கினர். அக்காலத்தில் மேற்கு மாநிலங்களில் விளைந்த கோதுமையும் சோளமும் புகையிரதம் மூலம் சிக்காகோ நகருக்குச் சென்று, அங்குள்ள பெருங் களஞ்சியங்களில் சேமிக்கப்பட்டு, பின்னரே கிழக்கு நகரங்களுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாகின. அக்களஞ்சியங்களைத் தவிர்த்துத் தானியத்தை அனுப்புவதற்கு வேறு வசதியான வழி கிடையாது. 1874ஆம் ஆண்டில் அத்தகைய களஞ்சியங்கள் 14 இருந்தன. அவற்றை ஒன்பது வணிக நிறுவனங்களே தம் கையில் வைத்திருந்தன. ஆண்டுதோறும் சேமிப்புக் கூலியைத் தமக்குள்ளே பேசி முடிவு செய்து, ஜனவரி மாதத்திலே அதனைப் பத்திரிகையிலும் வெளியிட்டு வந்தன. போட்டி என்பது பெயரளவில்கூட இருக்கவில்லை.

விதைத்தவன், நீர் பாய்ச்சியவன், அறுத்தவன் கமக்காரன். வாயிலில் நின்று சுங்கம் வாங்குபவன் வேறொருவன். இந்த அநீதிக்கு எதிராகக் கமக்காரரின் குரல் எழுந்தது. இலினோய் மாநிலத்துச் சட்டசபை 1871ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. முதல் 30 நாள்களுக்கு ஒரு புசல் தானியத்துக்கு இரண்டு சதம், அதற்கு மேல் ஒவ்வொரு 15 நாள்களுக்கும் அரைச் சதம். இதற்கு மேல் எவரும் வாங்கலாகாது என்று அச்சட்டம் விதித்தது. நெல்லைப் புசலால் அளந்து பழகிய நமக்கு இந்தக் கணக்கு அந்நியமானதன்று.

மன், ஸ்கொட் என்னும் களஞ்சிய உரிமையாளர்கள் இச்சட்டத்தை மீறினர். நூறு டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. "எம் சொந்தச் சொத்துக்கு விலை கூற அரசாங்கத்துக்கு என்ன உரிமை?" என்ற வாதத்துடன் அவர்கள் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். 1877ஆம் ஆண்டில் தலைமை நீதியரசர் மொறிசன் வெயிற் தீர்ப்பளித்தார். தனி மனிதன் ஒருவன் தன் சொத்தைப் பொதுமக்கள் அனைவரும் தங்கியிருக்கும் ஒரு பயன்பாட்டுக்கு ஈடுபடுத்துவானாயின், அந்தப் பயன்பாட்டிலே பொதுமக்களுக்கும் ஒரு பங்கு உண்டாகின்றது. பொது நன்மையின் பொருட்டு அவன் கட்டுப்பாட்டுக்கு உட்படவே வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இக்கொள்கை புதிதன்று, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில நீதிபதி ஹேல் பிரபு படகுத்துறைகளையும் பாரந்தூக்கிகளையும் பற்றி எழுதியதிலிருந்தே அதனை அவர் எடுத்துக்கொண்டார்.

மின்சாரம், நீர், தொலைபேசி, போக்குவரத்து ஆகியவற்றின் கட்டணங்களைப் பொது அதிகாரம் ஒன்று கட்டுப்படுத்தலாம் என்று அமெரிக்காவில் ஏற்றுக்கொள்ளப்பட்டதற்கு அடித்தளம், கமக்காரர் கிளர்ச்சியினாற் பிறந்த இத்தீர்ப்பேயாகும்.

ஆணைக்குழு வந்தது, நீதி வந்ததா?

1907ஆம் ஆண்டில் விஸ்கொன்சின், நியூயோர்க் ஆகிய மாநிலங்கள் மின்சாரம், எரிவாயு முதலிய சேவைகளைக் கட்டுப்படுத்துவதற்கு ஆணைக்குழுக்களை நிறுவின. ஏனைய மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இவ்வாணைக்குழுக்கள் கட்டணம் விதிக்கும் முறையைச் சற்று விளக்கவேண்டும். அது விளங்கினாலன்றிப் பின்வருவன விளங்கா.

ஒரு மின்சாரக் கம்பனி தன் கட்டணத்தை உயர்த்த விரும்பினால், தன் செலவுகளை ஆணைக்குழுவின் முன் வைக்கவேண்டும். எரிபொருள், சம்பளம், பராமரிப்பு, தேய்மானம் ஆகியன ஒரு புறம்; போட்ட முதலுக்கு நியாயமான ஆதாயம் மறு புறம். இரண்டையும் கூட்டி, எதிர்பார்க்கப்படும் விற்பனையால் வகுத்தால் வருவதே ஓர் அலகின் விலை. பார்வைக்கு எளிய கணக்கே. ஆனால் சச்சரவு முழுவதும் அதன் உறுப்புகளிலே உள்ளது. இந்தச் செலவு அவசியமானதா? இந்த நிலையம் தேவைக்கு அதிகமாகக் கட்டப்பட்டதா? நிருவாகத்தின் தவறினால் வந்த நட்டத்தை மக்கள் சுமக்கவேண்டுமா? 'நியாயமான ஆதாயம்' என்பது நூற்றுக்கு எட்டா, பன்னிரண்டா? ஒவ்வொரு வினாவும் கோடிக்கணக்கான பணத்தைத் தன்னுள் அடக்கியது.

ஆணைக்குழு ஒரு நீதிமன்று போல் விசாரிக்கின்றது. ஆனால் ஒரு பக்கத்தில் மாத்திரமே வாதி நிற்கின்றான்! கம்பனியின் நிபுணர்கள் கட்டுக்கட்டாக ஆவணங்களைச் சமர்ப்பிக்க, எதிர்ப்பக்கக் கதிரைகள் வெறுமையாய்க் கிடந்தன. எத்தனை நேர்மையான நீதிபதியாயினும் ஒரு பக்கத்து வாதத்தை மட்டுமே நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தால், நாளடைவில் அதுவே நியாயமெனத் தோன்றும். சட்டம் இருந்தது, ஆணைக்குழு இருந்தது, மக்கள் மட்டும் இல்லை.

வெறுங் கதிரை நிரம்பியது

1973ஆம் ஆண்டில் உலக எண்ணெய் நெருக்கடி எழுந்தது. மின்கட்டணங்கள் ஏறத் தொடங்கின. அவ்வாண்டில் கலிபோர்னியாவிலே சில்வியா சீகல் என்னும் அம்மையார் கட்டணப் பாவனையாளருக்காக ஒரு சங்கத்தைத் தோற்றுவித்து, ஆணைக்குழுவின் அமர்வுகளிலே கம்பனிகளின் கணக்கை வரி வரியாக எதிர்த்து வாதிட்டார். விளக்கெரிக்கவும் சமைக்கவும் குளிர் காயவும் ஒரு குடும்பத்துக்கு இன்றியமையாத அளவு மின்சாரமும் எரிவாயுவும் குறைந்த விலையிலே கிடைக்கவேண்டும் என்னும் சட்டம் 1975ஆம் ஆண்டில் அம்மாநிலத்தில் நிறைவேறியது. நம் நாட்டிலும் குறைந்த அலகுகளைப் பாவிப்பவருக்குக் குறைந்த விலை என்னும் படிமுறை இருந்து வந்துள்ளதை நீங்கள் அறிவீர்கள். அடிப்படைத் தேவை வேறு, ஆடம்பரம் வேறு என்னும் ஒரே நியாயமே இரண்டுக்கும் வேர்.

வேறு சில மாநிலங்கள் இன்னொரு வழியைக் கண்டன. பாவனையாளருக்காக வாதாடுவதையே தொழிலாகக் கொண்ட ஓர் அரசாங்க அலுவலகத்தைத் தனியாக நிறுவின. பென்சில்வேனியா மாநிலம் 1976ஆம் ஆண்டில் அவ்வாறு செய்தது. ஆணைக்குழு நீதிபதியின் ஆசனத்தில் இருக்க, இந்த அலுவலகம் மக்களின் சட்டத்தரணியாக எதிரே நிற்கின்றது. 1979ஆம் ஆண்டளவில் இத்தகைய அலுவலகங்கள் பல பெருகி, தமக்கென ஒரு தேசிய சங்கத்தையும் அமைத்துக்கொண்டன.

மூன்றாவது வழி விஸ்கொன்சினில் 1979ஆம் ஆண்டிலும், இலினோயில் 1983ஆம் ஆண்டிலும் உருவாயிற்று. சட்டசபையே சட்டமியற்றிப் 'பிரஜைகள் பயன்பாட்டுச் சபை' ஒன்றை உண்டாக்கியது. அதற்கு அரசாங்கம் பணம் கொடுக்கவில்லை. மக்கள் விரும்பிச் செலுத்தும் சிறு சந்தாவே அதன் மூலதனம். இந்தச் சபை மக்களை அடைவது எப்படி? கம்பனி அனுப்பும் மின்பட்டியல் உறையினுள்ளேயே சபையின் துண்டுப் பிரசுரமும் வைக்கப்படவேண்டும் என்பதே அத்திட்டத்தின் உயிர்நாடி. உறைக்கும் முத்திரைக்கும் பணம் கொடுப்பவர் பாவனையாளர். அவ்வுறையிலே அவர்களுக்கும் ஓர் இடம் உண்டல்லவா?

கலிபோர்னியா ஆணைக்குழுவும் இதே நியாயத்தைக் கைக்கொண்டு, ஆண்டுக்கு நான்கு முறை உறையில் மிஞ்சும் இடத்தைப் பாவனையாளர் சங்கத்துக்குக் கொடுத்தது. கம்பனி வழக்காடியது. தனக்கு உடன்பாடில்லாத கருத்தைத் தன் உறையிலே சுமக்கச் செய்வது பேச்சுச் சுதந்திரத்துக்கு விரோதம் என்று 1986ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் அது வென்றது. ஆயினும் இலினோய்ச் சபை மடிந்துவிடவில்லை. வேறு வழிகளில் உறுப்பினரைத் திரட்டியது. அணுமின் நிலையங்களின் செலவு பற்றிய நீண்ட வழக்குகளின் முடிவில், 1993ஆம் ஆண்டில் ஏறத்தாழ 130 கோடி டொலரைக் கம்பனி மக்களுக்குத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. சில்லறைச் சந்தா செலுத்தியவர்களின் ஒற்றுமைக்குக் கிடைத்த பலன் அது.

காவலும் களவும்

இத்துடன் கதை முடிந்து எல்லாரும் இன்புற்றிருந்தனர் என்று கூறி உங்களை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. ஆணைக்குழுவில் வெல்ல முடியாதவன் சட்டசபைக்குச் செல்வான். அதே இலினோயிலே, அதே மின்சாரக் கம்பனியான கொமன்வெல்த் எடிசன், சட்டசபையின் சபாநாயகரைத் தன்வயப்படுத்தும் நோக்குடன் அவருடைய ஆட்களுக்கு வேலைகளும் ஒப்பந்தங்களும் கொடுத்து வந்ததை 2020ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டு, 20 கோடி டொலர் தண்டம் செலுத்த இணங்கியது. பல தசாப்தங்கள் சபாநாயகராயிருந்த மைக்கல் மடிகன் 2025ஆம் ஆண்டில் குற்றவாளியாகக் காணப்பட்டு, ஏழரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

இதிலிருந்து பெறப்படும் பாடம் யாது? "எல்லாம் வீண், எவரும் திருடரே" என்பது சோம்பேறிகளின் பாடம். காவலாளி இருந்தும் களவு போயிற்று என்றால் காவலை இரட்டிப்பதே அறிவு. நிறுவனத்தின் கணக்கை மட்டுமன்றி, அந்நிறுவனத்துக்கும் அரசியல்வாதிகளுக்கும் உள்ள உறவையும் மக்கள் கண்காணிக்கவேண்டும்.

நம் நாட்டின் நிலை

இனி நம் நாட்டுக்கு வருவோம். அன்றாடச் செலவு நம் அரசியலைக் குலுக்கிய வரலாறு நம்மிடம் உண்டு. 1953ஆம் ஆண்டில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. தபால், புகையிரதக் கட்டணங்களும் ஏறின. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் தேதி ஹர்த்தால் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். மக்களின் கோபம் ஓர் அரசாங்கத்தின் தலைவரையே அசைக்க வல்லது என்பது அன்று நிரூபணமாயிற்று. ஆனால் கோபம் ஒரு நாள் எரிந்து அடங்குவது. விலை மறுநாளும், அதற்கு மறுநாளும் நம் வாழ்வில் இருப்பது. ஒரு நாட் கிளர்ச்சியால் ஓர் அமைச்சர் போகலாம். ஆண்டு முழுவதும் கணக்குப் பார்க்கும் பழக்கத்தை அது தந்துவிடாது.

2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை நிறுவியது. 2009ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் மின்கட்டணத்தை அவ்வாணைக்குழுவின் அங்கீகாரத்துக்கு உட்படுத்தியது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை வந்தது. சிக்காகோ வழக்கில் வென்ற கொள்கை இவ்வாறு நம் சட்டப் புத்தகத்திலும் ஏறியது. புத்தகத்தில் ஏறியது மனத்தில் ஏறியதா என்பதே வினா.

2013ஆம் ஆண்டுக்குப் பின்னர் உயர்த்தப்படாதிருந்த மின்கட்டணம், 2022 ஆகஸ்டில் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் உயர்ந்தது. 2022 ஆகஸ்டிலேயே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறியது. வெங்காயத் தோட்டத்துக்கு இறைப்பவனும் கடலுக்குச் செல்பவனும் பட்ட துன்பத்தை இச்சபையில் விரித்துரைக்க வேண்டியதில்லை. இரண்டாவது மின்கட்டண உயர்வை வெளிப்படையாக எதிர்த்த ஆணைக்குழுத் தலைவரைப் பாராளுமன்றம் 2023 மே மாதத்தில் வாக்கெடுப்பினாற் பதவி நீக்கியது. அவர் செய்தது சரியா பிழையா என்பது வேறு விடயம். விலையை ஆராயவேண்டிய ஆசனத்தின் கால்கள் எத்துணை மெல்லியவை என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2025 ஜனவரியில், கட்டணத்தை மாற்றாது வைத்திருக்கவே மின்சார சபை கோரியது. மாகாணங்கள் தோறும் மக்கள் கருத்தைக் கேட்ட ஆணைக்குழு, 20 வீதம் குறைக்கும்படி தீர்மானித்தது. அவ்வாண்டு ஜூனில் 18.3 வீத உயர்வு கோரப்பட, 15 வீதம் அனுமதிக்கப்பட்டது. அக்டோபரில் 6.8 வீத உயர்வுக் கோரிக்கை முற்றாக நிராகரிக்கப்பட்டது. ஆகவே அங்கே சொல்லப்படும் சொல் செவிடன் காதில் ஊதிய சங்கு அன்று. கணக்குடன் பேசினால், கேட்கும் செவி உண்டு.

மலிவு அன்று, நியாயமே நம் கோரிக்கை

இங்கே ஓர் எச்சரிக்கை. பாவனையாளருக்காகப் பேசுவது என்றால் எதையும் மலிவாகக் கேட்பது என்று பொருளன்று. ஒன்பது ஆண்டுகள் கட்டணம் உயராதிருந்தது நமக்கு இனிமையாகவே இருந்தது. ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில் எண்ணெயை எரித்து உற்பத்தி செய்த மின்சாரத்தை, அடக்கச் செலவுக்குக் குறைந்த விலையில் விற்றதன் நட்டம் கடனாகக் குவிந்தது. ஈற்றில் அக்கடன் வட்டியுடன் ஒரே அடியாக நம் தலையில் விழுந்தது. அரசியல்வாதி தேர்தலுக்காகத் தரும் மலிவு, நம் பெயரில் வாங்கும் கடனேயாகும். படிப்படியாகவும், காரணம் கூறியும், கணக்குக் காட்டியும் விதிக்கப்படும் நியாய விலையே நாம் கோருவது.

மற்றுமொன்று, கமக்காரருக்கு மிக முக்கியமானது. பட்டணத்திலே வெங்காயமும் உருளைக்கிழங்கும் மலிய வேண்டுமென்று குரல் எழும்பியவுடன், அறுவடைக் காலத்திலேயே இறக்குமதியின் கதவைத் திறந்துவிடுவது இலகுவான பரிகாரமாக ஆட்சியாளருக்குத் தோன்றும். அதனால் ஒரு மாதம் சமையலறை மகிழும். ஓர் ஆண்டு தோட்டம் அழும். தோட்டம் தரிசானபின் இறக்குமதிக்காரன் சொன்னதே விலை. உத்தியோகத்தர் வாங்குபவர், கமக்காரர் விற்பவர், ஆதலால் இருவரும் பகைவர் என்னும் எண்ணத்தை முதலில் களையவேண்டும். தோட்டத்து வாயிலில் கிடைக்கும் விலைக்கும் கடைத் தட்டில் எழுதப்படும் விலைக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து பாருங்கள். போக்குவரத்துக்கும் கழிவுக்கும் தரகுக்கும் நியாயமான பங்கு போக மிஞ்சுவது எங்கே செல்கின்றது என்று இருவரும் சேர்ந்து கேட்கவேண்டும். சிக்காகோவின் கமக்காரன் கேட்டதும் அதனையே.

நாம் செய்ய வேண்டியன

முதலாவதாக, ஒவ்வொரு பிரதேசத்திலும் கட்சிச் சார்பற்ற ஒரு பாவனையாளர் குழு அமையவேண்டும். அதிலே ஒரு கணக்காளர், ஒரு பொறியியலாளர், ஒரு சட்டத்தரணி, ஓர் ஆசிரியர், இவர்களுக்குச் சம எண்ணிக்கையில் கமக்காரரும் கடற்றொழிலாளரும் இல்லத்தரசிகளும் இருக்கவேண்டும். கணக்கு வாசிக்கத் தெரிந்தவனுக்கு இறைப்பின் துன்பம் தெரியாது. துன்பம் தெரிந்தவனுக்குக் கணக்கு வாசிக்க அவகாசமில்லை. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் எந்தக் கம்பனியின் நிபுணருக்கும் நாம் சளைத்தவரல்லோம்.

இரண்டாவதாக, ஆதாரம் சேர்க்கும் பழக்கம் வேண்டும். மின்பட்டியல்களை எறிந்துவிடாது வைத்திருங்கள். மின்தடை ஏற்பட்ட நாளையும் நேரத்தையும், பேருந்து வராத நாளையும், குழாயில் நீர் வராத நாளையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கடையிற் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். "எங்களுக்குக் கஷ்டம்" என்று நூறு பேர் கூறுவதிலும், "சென்ற மூன்று மாதத்தில் இந்த ஊரில் இத்தனை மணித்தியாலம் மின்சாரம் இல்லை, இறைப்புத் தவறிய பரப்பு இவ்வளவு" என்று ஒருவர் எழுத்தில் வைப்பது வலிமையுடையது.

மூன்றாவதாக, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கைக்கொள்ளுங்கள். பொது அதிகாரசபை ஒன்றிடம் எழுத்திற் கேட்டால், சட்டம் விலக்கியவை தவிர்ந்த தகவல்களை அது தரவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. வீதி திருத்தப் பணம் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று, ஒப்பந்தம் யாருக்கு என்பவற்றை ஊகித்துப் பேசுவதைவிடக் கேட்டு அறிந்து பேசுவது மேல்.

நான்காவதாக, கட்டண அமர்வு அறிவிக்கப்படும்பொழுது நம் மாகாணத்துக் கதிரைகள் வெறுமையாக இருத்தலாகாது. எழுத்து மூலமும் நேரிலும் கருத்துக் கூறவேண்டும். அந்த ஆவணங்கள் தமிழிலே, வாசித்து ஆராய்வதற்குப் போதிய நாள்களுக்கு முன்னரே கிடைக்கவேண்டும் என்றும் வலியுறுத்தவேண்டும். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியென்று அரசியலமைப்பு 1987ஆம் ஆண்டிலிருந்து கூறுகின்றது. விளங்காத மொழியில் கணக்கைக் காட்டுவது, கணக்கை மறைப்பதற்கு ஒப்பாகும்.

ஐந்தாவதாக, பணம். அரசியல்வாதியின் நன்கொடையும் வேண்டாம், வியாபாரியின் நன்கொடையும் வேண்டாம். மாதம் ஒரு தேநீரின் விலையைச் சந்தாவாக ஒவ்வொரு குடும்பமும் செலுத்தினாற் போதும். இது நம்மால் இயலாத காரியமன்று. மூளாயிலே கூட்டுறவு முறையில் மருத்துவமனை ஒன்றை எழுப்பி நடத்திய மக்கள் நாம். சிறு துளி பெருவெள்ளம் என்பதைப் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்தவர்களல்லோம். கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிக் காட்டியவர்கள்.

உத்தியோகத்தருக்கு ஒரு சொல்

படித்த பெருமக்களிடம் ஒன்று கூற விழைகின்றோம். மின்கட்டணம் இரட்டித்தபோது உங்கள் குடும்பம் சில வசதிகளைக் குறைத்துக்கொண்டது. ஆனால் நாட்கூலிக்குச் செல்லும் குடும்பம், பிள்ளை இரவிலே படிக்கும் விளக்கை அணைத்தது. கமக்காரன் இறைப்பைக் குறைத்தான், பயிர் வாடியது. ஒரே விலை எல்லார் மேலும் ஒரே பாரமாக விழுவதில்லை. உங்கள் கல்விக்கு இந்நாட்டின் ஏழைகளும் வரி செலுத்தினர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலையை அவர்களுக்காகக் கணக்குப் பார்ப்பதற்குக் கொடுப்பது தானமன்று. பட்ட கடனைத் தீர்ப்பதாகும்.

கமக்காரப் பெருமக்களே, "நம் பேச்சை யார் கேட்பார்?" என்று ஒதுங்கி நில்லாதீர்கள். களஞ்சிய உரிமையாளரை நீதிமன்றம் வரை கொண்டு சென்று வென்ற சட்டத்துக்கு உரமிட்டவர்கள், கையிலே மண் ஒட்டிய மனிதர்களே. விலை என்பது வானத்திலிருந்து விழும் மழையன்று. அது மனிதர் கூடியிருந்து விதிப்பது. விதிக்கும் இடத்தில் நாமும் இருப்போம். நம் கையிலே பட்டியலும் கொப்பியும் கணக்கும் இருக்கட்டும். ஊர் கூடினாலன்றித் தேர் நகராது. வடத்தைப் பிடிக்க வாருங்கள்.